எதிராளியின் கண்

கோரைமுனையில் கதை சொல்கிறவர்களுக்குக் கண் மாறிப்போனது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஞானமணியின் டீக்கடையில், இரண்டாவது கொதிப்புப் பாலை இறக்கிய நேரத்தில். அன்றைக்குக் காற்று தெற்கேயிருந்து அடித்ததா வடக்கேயிருந்து அடித்ததா, வானத்தில் ஏதாவது தெரிந்ததா, யாராவது மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டார்களா என்றெல்லாம் பிற்பாடு வெளியூர்க்காரர்கள் வந்து துருவித் துருவிக் கேட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. உப்பு விளைகிற ஊர் அது. கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டுவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், விளைந்ததை வாரிக் கரையில் போடுவதுந்தான் அவர்கள் வேலை, ஏன் விளைந்தாய் என்று உப்பைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை.

கடையில் கொம்பையா முந்தின நாள் தன் தம்பியோடு போட்ட சண்டையை, நியாயமெல்லாம் தன் பக்கமே வந்து விழும்படி, வழக்கம்போல் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "நான் பாட்டுக்குச் செவரோரமா முருங்கக்கம்பு நட்டுக்கிட்டு இருக்கேன், எங்கண்ணன் கொம்பையா கண்ணு ரெண்டும் செவந்து வாரான், அவன் வார வரத்தப் பாத்ததும் சின்ன வயசுல என்னக் கெணத்துக்குள்ள தள்ளுனானே, அது ஞாபகம் வந்து எனக்குக் காலு நடுங்குது" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். குரல் கொம்பையாவின் குரல், பேச்சு கொம்பையாவின் பேச்சு, கண் மட்டும் தம்பியினுடையது. ஒரு வாய் டீ குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். முருங்கைக்கம்பு வந்தது, செவந்த கண்ணும் வந்தது, கிணறும் வந்தது. "தள்ளுனியா மச்சான்?" என்று ஞானமணி கேட்டதற்கு, "தள்ளியிருப்பேன் போலுக்கு" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

சுயம்புக்கனி அப்போது தண்ணீர் லாரிக்கு முன்னால் மூன்று குடத்தோடு நின்றிருந்தாள். ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் என்பதால் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வரும். லாரியை ஓட்டிவருகிற தவசிமுத்து வெளியூர்க்காரன், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், பின்னால் ஏறி நின்று குழாயை இழுத்துக் குடம் குடமாக ஊற்றிவிட்டுப் போவான், அதிகம் பேசமாட்டான். டீக்கடைச் சங்கதி சுயம்புக்கனியின் மூன்றாவது குடம் நிறைவதற்குள் வரிசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. உடனே பக்கத்து வீட்டுப் பாலாமிர்தம், சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, காலையில் மாமியாரோடு நடந்த வாக்குவாதத்தை எடுத்துவிட்டாள். "எம் மருமவ பாலாமிர்தம் கஞ்சிய எம்முன்னால வைக்கையில தட்டு ணங்குன்னு சத்தம் போடுது, அது என்ன நாயின்னு கூப்புடுத மாதிரியே இருக்கு" என்று வந்ததும் வரிசை மொத்தமும் சிரித்தது. பாலாமிர்தமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்கப்புறம் ஊர் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. முதல் வாரத்தில் வாயைத் திறக்கவே ஆட்கள் பயந்தார்கள். இரண்டாவது வாரத்தில், புறணி பேசாமல் உப்பளத்து வேலை ஓடாது என்று கண்டுகொண்டு பேசத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்தில் சில கெட்டிக்காரர்கள், தன்னைப் பற்றி அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகவே வலியப்போய் ஒரு சண்டையை இழுத்து, வீட்டுக்கு வந்து அதை யாரிடமாவது சொல்லி, சொல்லச்சொல்லத் தன் வாயாலேயே தன் யோக்கியதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முகம் சுண்டிப்போனார்கள். சேவல் சண்டையில் தோற்றவர்கள் சேவலாகப் பேசினார்கள். ஊர்த்தலைவர் ஜெயபாண்டிக்குப் பஞ்சாயத்து எளிதாகிவிட்டது, வாதி பிரதிவாதிக்காகவும் பிரதிவாதி வாதிக்காகவும் உருகி உருகிப் பேசிவிட்டுப் போக, அவருக்குத்தான் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் மிஞ்சாமல் தலைவலி வந்தது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ரத்தினசபாபதி இருபது வருடமாகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தவர், எல்லாக் கதையிலும் நான், நான் என்று அவரே நல்லவராக நடந்து போவார், எல்லாக் கதையும் போன வேகத்தில் திரும்பி வரும். கண் மாறினபிறகு அவர் ஒரு பையனை எதிரே உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி எழுதிய முதல் கதையில், பழைய பேப்பர் கட்டுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிற ஒரு மனுஷனுக்கு மூன்று தடவை காபி சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு, நான்காவது தடவை அதைத் தானே குடிக்கிற ஒரு பெண் பேசினாள். அது அச்சில் வந்தது. வாத்தியார் அந்தப் பத்திரிகையை மனைவியிடம் காட்ட ஒரு மாதம் யோசித்தார்.

பட்டுப் பட்டு ஊர் அதன் விவரங்களையும் தெரிந்துகொண்டது. கேட்க ஆள் இல்லாமல் சொன்னால் கண் மாறாது, எதிரே ஒரு ஜீவன் உட்கார்ந்து கேட்கவேண்டும். நடந்த இடத்தில் சொல்பவர் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொல்கிறவர் மனசுக்குள் யாரை எதிராளியாக நிறுத்தி வைத்திருக்கிறாரோ அவருடைய கண்ணில் கதை போகும், அது வாய்க்கே தெரியாமல் மனசு செய்கிற ஏற்பாடு. இதையெல்லாம் சகிக்கமுடியாத ஏழெட்டுப் பேர் கதை சொல்வதையே விட்டுவிட்டு, ஆமாம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர் லாரித் தவசிமுத்து அந்த ஏழெட்டில் ஒருவன், வழியில் டயர் வெடித்து இரண்டு மணிநேரம் பிந்தி வந்தாலும் ஏன் என்று சொல்லமாட்டான். ரொம்ப மெத்தனம் என்று பெண்கள் அவனைத் திட்டினார்கள்.

சுயம்புக்கனிக்கு இந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து ஒரே ஒரு நினைப்புதான்.

அவள் புருஷன் லிங்கத்துரை அதற்கு முந்தின ஆடி மாதம் செத்துப்போயிருந்தார். உப்பளத்தில் பம்புசெட்டுப் பார்க்கிறவர், விடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போகவேண்டிய வேலை. அன்றைக்கும் கஞ்சித் தூக்குவாளியை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏழு மணிக்கு ஆள் வந்து சொன்னது. பாத்திகளுக்கு நடுவே ரோடு திரும்புகிற வளைவில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று தெரியவில்லை, உப்பேற்றுகிற லாரிகள் ஒருநாளைக்கு நாற்பது போகிற ரோடு அது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதோடு சரி. ஆடிக்காற்று வாரி இறைத்த உப்பு அவர் உதட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது என்று முதலில் பார்த்தவர்கள் சொன்னார்கள், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாவறண்டு, ஒரு வாய்த் தண்ணீர் விட நாதியில்லாமல் போய்ச்சேர்ந்தார் என்பது சுயம்புக்கனியின் நெஞ்சில் அன்றைக்கு ஏறி உட்கார்ந்தது, அப்புறம் இறங்கவே இல்லை. வீட்டில் அவளே தண்ணீர் குடிக்கும்போதுகூட இரண்டாவது மடக்கு தொண்டையில் நின்றுபோகும்.

கோரைமுனையில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குத் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்டு வருகிறவர்கள் வாசற்படியில் நின்று, "எப்படி நடந்துச்சு தாயி?" என்று கேட்பார்கள், செத்தவருக்கு மிக நெருங்கினவர் யாரோ அவர் ஒருவர்தான், ஆதியோடந்தமாக, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும். மூன்று மாதம் அது நடக்கும். அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள். வருடம் திரும்புகிற அன்றைக்கு மட்டும் ஊர் கூடி இன்னொரு தடவை கேட்கும், அவர் கடைசித் தடவையாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிற செம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிடுவார். சொல்லை இறக்கிவைப்பது என்று அதற்குப் பெயர். பிறகு அவரிடம் யாரும் அந்தச் சாவைப் பற்றிக் கேட்கக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது. முழுசாகச் சொல்லப்படாத சாவு வீட்டு வாசலிலேயே நிற்கும் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள்.

சுயம்புக்கனி மூன்று மாதமும் சொன்னாள், நாக்குத் தழும்பேறச் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது சைக்கிள் தெருமுனையில் திரும்பியதோடு நின்று, அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, ஆள் வந்து கதவைத் தட்டியதில் போய் விழும். நடுவே இரண்டு மணிநேரம் பள்ளமாகக் கிடந்தது. கண் மாறின செய்தி வந்ததும் அவளுக்குத் தோன்றியது இதுதான்: ஆடி மாதம் ஊர் கூடிக் கேட்கும்போது கதை அவருடைய கண்ணில் போனால், அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அவர் என்ன பார்த்தார், எப்படிப் போனார், தண்ணீருக்கு ஏங்கினாரா என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. அதற்கு அவரை எதிராளியாக நிறுத்தவேண்டும். நிறுத்தவேண்டுமென்றால் அவர்மேல் கோபம் வேண்டும்.

ஆகவே சுயம்புக்கனி பங்குனி மாதத்திலிருந்து செத்துப்போன புருஷன்மேல் கோபப்படப் பழகினாள். இந்தக் காரியத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணும் செய்திருக்கமாட்டாள். காலையில் எழுந்து வாசல் தெளித்ததும் அவருடைய குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவார். வெற்றிலைச் சாற்றைச் செவ்வந்திச் செடிமேல் துப்புவார். தங்கச்சி கல்யாணத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைக்காமல் பந்தியைக் கவனிக்கச் சொன்னார். பாலாமிர்தம் வாராவாரம் வந்து, "இப்ப எப்படி இருக்கு, ஏறுதா?" என்று காய்ச்சல் விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். "கல்யாணத்து வரைக்கும் ஏறுச்சு மதினி, அப்பொறம் அன்னிக்கு ராத்திரியே அவிய மல்லியப்பூ வாங்கியாந்து வச்சிட்டுத் தல குனிஞ்சுக்கிட்டு நின்னாவளா, இறங்கிட்டு" என்பாள் சுயம்புக்கனி. "பூவ நெனைக்காதட்டி, பந்தியோட நிறுத்து" என்று பாலாமிர்தம் யோசனை சொல்லுவாள். ஊரே உதவிக்கு வந்தது. உப்பளத்து ஆட்கள் லிங்கத்துரை தங்களை ஏசியது, பம்பை நிறுத்திவிட்டுத் தூங்கியது என்று தெரிந்த குறைகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், ஜெயபாண்டி யோசித்து யோசித்து, பத்து வருடத்துக்கு முந்தின ஒரு தேர்தல் துரோகத்தைக்கூடக் கண்டெடுத்துக் கொடுத்தார். சுயம்புக்கனி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ராத்திரி படுக்கும்போது கோபம் நெஞ்சுவரை நிறைந்திருக்கும், காலையில் பார்த்தால் வற்றிப்போய் அடியில் வேறு ஏதோ வெள்ளையாக மிஞ்சிக் கிடக்கும்.

ஆடி வந்தது. வருடம் திரும்பின அன்றைக்குச் சாயங்காலம், பெண்கள் வீட்டுக்குள்ளும் ஆண்கள் வாசலில் பந்தலிலுமாக ஊர் நிறைந்திருந்தது. காற்று அடித்து எல்லார் தலையிலும் உப்புத்தூள் படிந்திருந்ததால் இளசுகளும் நரைத்துத் தெரிந்தார்கள். செம்பில் தண்ணீர் வைத்தாயிற்று. பாலாமிர்தம் முறைப்படி வாசற்படியில் நின்று, "எப்படி நடந்துச்சு தாயி?" என்று கேட்டாள். சுயம்புக்கனி கண்ணை மூடி, ஈரத்துண்டு, வெற்றிலைச் சாறு, பந்தி, எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"எனக்கு மூணு நாளா ஒறக்கமில்ல" என்று வந்தது. "வீட்ல பிள்ளைக்குக் காய்ச்சல், ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சிட்டு வண்டிய எடுத்திருக்கேன். இன்னும் விடியல. வளைவுல வாரேன். பாத்தியும் வெள்ளையாக் கெடக்கு, ரோடும் உப்புக் கொட்டி வெள்ளையாக் கெடக்கு, எது ரோடு எது பாத்தின்னு கண்ணு ஒரு நிமிசம் மறந்துபோச்சு. ஒரு சத்தம். சின்னச் சத்தந்தான்."

கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. வண்டிக்காரன். அடித்துப் போட்டுவிட்டு ஓடினவன். அவ்வளவு பாடுபட்டுப் புருஷன்மேல் வளர்த்த கோபமெல்லாம் ஒரு பக்கம் நிற்க, மனசு தன்பாட்டுக்கு, பேர் தெரியாத, முகம் தெரியாத அவனைத்தான் ஒரு வருடமாக எதிரே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது. சுயம்புக்கனிக்கு அழுகை வந்தது, ஆனால் கதை சொல்கிற வாய்க்கு அழுகை வரவில்லை, அது போய்க்கொண்டே இருந்தது.

பந்தலிலிருந்து ஆண்கள் எழுந்துவிட்டார்கள். "கண்ணாடியப் பாரு கனி! வண்டிக் கண்ணாடியப் பாரு, மூஞ்சி தெரியும்!" என்று ஜெயபாண்டி கத்தினார். அவன் கண்ணாடியைப் பார்க்கத்தான் செய்தான். வண்டி ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்ப்பது பின்னால் கிடக்கிற ரோட்டை. ரோடுதான் தெரிந்தது, அதில் சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிளும் தெரிந்தது. "என்ன வண்டி, அதையாவது சொல்லு!" என்றார்கள். தன் வண்டி என்ன வண்டி என்று யார் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்கள். அவன் சொல்லவில்லை.

"எறங்கி ஓடுதேன். ஒரு மனுசன் கெடக்காரு. தண்ணின்னு கேக்காரு. திரும்ப வண்டிக்கு ஓடி, ரெண்டு கையிலயும் புடிச்சிக்கிட்டு வாரேன், பாதி வழியில சிந்திப்போச்சு. திரும்ப ஓடுதேன். திரும்பச் சிந்துது. மூணாவது தடவை கொண்டுவந்து வாயில விடுதேன். ஒரு மொடக்கு எறங்குச்சு. ரெண்டாவது மொடக்கு கடவாய் வழியா வழிஞ்சிட்டு. கண்ணு தெறந்தபடிக்கு ஒரே எடத்தப் பாத்து நிலைச்சு நிக்கி. போயிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கயோ தூரத்துல ஆள் சத்தம். பிள்ள முகம் கண்ணுக்குள்ள வந்துச்சு. ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

கதை நின்றது. "தண்ணி குடிச்சாவளாம் தாயி! ஒரு மொடக்கு எறங்கியிருக்கு!" என்று பாலாமிர்தம் சுயம்புக்கனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், கூட்டமே அழுதது. ஆண்கள் சிலர் அவன் கையைக் காலை ஒடிக்கவேண்டும் என்றார்கள், சிலர் மூன்று தடவை தண்ணீருக்கு ஓடியிருக்கிறானே என்றார்கள். செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். அவள் வாசலில் ஊற்றினாள். இறக்கிவைத்தாயிற்று என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக் கலைந்து போனார்கள்.

ஊருக்கு இறங்கிவிட்டது. அவளுக்கு இறங்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொல் மட்டும்தான் கிடைத்தது, அவளோ அந்தக் கண்ணுக்குள் இருந்து பார்த்தவள். தண்ணீர் ஏந்திய அந்தக் கைகளை மூன்று தடவை மூக்குக்கு நேரே பார்த்திருந்தாள். யாரும் தன் கையைத் தானே வர்ணிப்பதில்லை என்பதால் அது வாய்க்கு வரவில்லை. வலதுகைக் கட்டைவிரலில் நகம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கறுத்திருந்தது. அந்த நகத்தை அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் தன் குடத்து வாய்க்குமேல், தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கிற கையில், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றதால் போய்விட்டார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். லிங்கத்துரைக்கு வலி வந்தால் அப்படித்தான் இருப்பார். கடைவாய்ப்பல் பிடுங்கினபோதும், இடுப்புப் பிடித்து நான்கு நாள் கிடந்தபோதும், கூரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு இமைகூட ஆட்டாமல் கிடப்பார், கூப்பிட்டால் பதில் வராது, புதிதாகப் பார்க்கிறவர்கள் அலறிவிடுவார்கள். இருபத்துமூன்று வருடம் கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் அது வலி என்று தெரியும். அப்படியென்றால் லாரி போனபிறகும் அவர் இருந்திருக்கிறார். பள்ளம் மூடவில்லை, இன்னொரு பள்ளம் அதற்குள்ளே திறந்துவிட்டது.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். அவள் குடம் எடுத்துக்கொள்ளாமல், வெளுக்கிற நேரத்துக்கு அந்த வளைவில் போய் நடுரோட்டில் நின்றாள். லாரி வந்தது. தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, மெல்ல மெல்ல வந்து, ஒரு முழம் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். அவள் அவன் வலது கையைப் பார்த்தாள். அவன் அதை மறைக்கவில்லை.

"டேசனுக்குப் போவோம்க்கா" என்றான் தவசிமுத்து. "இப்பவே வாரேன். ஒவ்வொரு நாளும் உங்க கொடத்துல ஊத்தும்போது சொல்லிரணும்னுதான் வருவேன், சொல்ல முடியல."

அவளுக்கு அவனைக் கல்லால் அடிக்கவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் கல் இல்லை, உப்புத்தான் இருந்தது. "டேசன் எங்கயும் போயிராது" என்றாள். "மொதல்ல எனக்குச் சொல்லு. எப்படி நடந்துச்சு?"

"நீங்கதான் நேத்து சொல்லிட்டியளாமே. வார வழியெல்லாம் அதே பேச்சா இருக்கு."

"நான் சொன்னது நீ பாத்தது. அவிய பாத்தத நீதான் சொல்ல முடியும். எங்கிட்ட இனி யாரும் கேக்கக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. ஒங்கிட்ட கேக்கக்கூடாதுன்னு எந்த வழக்கமும் இல்ல."

அவனுக்குப் புரிந்தது. மாசி மாதத்திலிருந்து அவன் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தது இதற்குப் பயந்துதான். ஒரு வருடமாக அவன் எதிரே நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு மனுஷன், எந்தக் கதையைத் தொட்டாலும் அந்தக் கண் திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம்க்கா என்று இரண்டு தடவை சொன்னான். அவள் ரோட்டோரத்தில் சம்மணம்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் எதிரே குத்தவைத்தான். வளைவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"தூக்குவாளிய முன்னால மாட்டிக்கிட்டு வாரேன்" என்றான். "காத்து எதிர்க்காத்து, சைக்கிள மிதிக்க முடியல. வெளிச்சம் ஒண்ணு கண்ணுல அடிக்கி. அப்பொறம் பாத்தா மல்லாக்கக் கெடக்கேன், கஞ்சி கொட்டிப்போச்சு. நாக்கு ஒட்டிக்கிட்டு வருது. தண்ணின்னு கேக்கேன். ஒரு பய ஓடியாறான், கையில தண்ணி, சிந்திச் சிந்தி வாரான், பாக்கப் பாவமா இருக்கு. மெதுவா வாடேன்னு சொல்லத் தோணுது, வாய் வரல. ஊத்துனான். ஒரு மொடக்கு குடிச்சேன். இனிச்சிச்சு."

சுயம்புக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப வலி வருது. மேல ஒரு நட்சத்திரம் கெடக்கு, அதுமேல கண்ண வச்சுக்கிட்டேன், அப்பத்தான் தாங்க முடியும். பய என் மூஞ்சியவே பாக்கான். எந்திரிக்கான். இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லுதேன். அவனுக்குக் கேக்கல. வண்டியில ஏறுதான். வண்டி போவுது."

அங்கே நின்றது. தவசிமுத்து அவளைப் பார்த்தான், இப்போது அது அவனுடைய சொந்தக் கண். "அக்கா" என்றான். "உசுரு இருந்திருக்கா? அக்கா, நான் உசுரோடயா விட்டுட்டுப் போனேன்?" அப்படியே முன்னால் சாய்ந்து ரோட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்விட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். காற்று அவன் சட்டையைத் தூக்கித் தூக்கி அடித்தது.

அவள் கை ஓங்கியது உண்மை. அந்தக் குனிந்த பிடரியில் இறக்கியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் லாரி போய்விட்டது, ரோட்டில் அவர் கிடக்கிறார், அந்த இடத்தில் கதை நிற்கிறது. அவள் ஓங்கின கையால் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அழுகைய அப்பொறம் வச்சுக்க" என்றாள். "இந்த எடத்துல நிப்பாட்டிராத. அவிய அங்கன தனியாக் கெடக்காவ. சொல்லு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடினான். "வண்டி போயிட்டு" என்றான்.

கதை கேட்கிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் கொட்டுகிற உம் ஒன்று உண்டே, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீ பாட்டுக்கு மேலே போ என்பதற்காகக் கொட்டுவது. அதை அவள் கொட்டினாள்.

"ம்."

"காத்து நின்னுபோன மாதிரி இருக்கு."

"ம்."

"நட்சத்திரம் மங்குது. பாத்தியெல்லாம் மொள்ள வெளுக்குது."

"ம்."

"காலு இருக்கா இல்லையான்னு தெரியல. குளிருது."

சுயம்புக்கனி இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முழங்கால் முட்ட, கிட்டே உட்கார்ந்துகொண்டாள்.

"ம். இங்கனதான் இருக்கேன்" என்றாள். "நீங்க சொல்லுங்க."